மண்ணுக்குள் வைத்த கலை: பொருநைக் கரைத் தாழிகளும் எத்ருஸ்கர் கல்லறைகளும்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் நோக்கிச் செல்லும் சாலை, செய்துங்கநல்லூரையும் கருங்குளத்தையும் கடந்த பின்னர், பொருநையாற்றின் தென்கரையில் ஒரு மேட்டு நிலத்தை ஊடறுத்துச் செல்கின்றது. ஆற்றுப் பாசனத்தால் நெல்லும் வாழையும் செழித்திருக்கும் வெளியின் நடுவே இம்மேடு மட்டும் சரளையும் பாறையுமாய், உழவுக்கு உதவாத நிலமாய்க் கிடக்கின்றது. கயத்தாறு, கோவில்பட்டி வட்டாரத்துக் கரிசல் நிலத்திலிருந்து கடற்கரை ஊர்களுக்குச் சென்று வருவோர் பலரும் இதனைக் கடந்தே சென்றிருப்பர். ஆதிச்சநல்லூர்ப் பறம்பு என்பது இதுவே. ஏறத்தாழ 114 ஏக்கர் பரப்புடைய இவ்விடம், பண்டை மக்கள் தம் இறந்தோரைத் தாழிகளில் இட்டு அடக்கம் செய்த ஈமக்காடு.

இங்கு மண்ணுக்குள்ளிருந்து எடுக்கப்பட்ட வெண்கல உருவங்களும் பொன் நெற்றிப்பட்டங்களும் இன்று அருங்காட்சியகங்களில் கலைப்பொருள்களாகப் போற்றப்படுகின்றன. ஆயினும் அவை காட்சிக்கென்று செய்து வைக்கப்பட்டவை அல்ல. அடக்கம் முடிந்து மண் மூடிய பின்னர் உயிருடன் இருப்போர் எவரும் அவற்றைப் பார்க்கலாகாது என்ற நிலையிலேயே அவை வைக்கப்பட்டன. இத்தகைய கலைக்கு உலக வரலாற்றில் பெயர் பெற்றவர்கள், உரோமரின் எழுச்சிக்கு முன்னர் இத்தாலியின் நடுப்பகுதியில் வாழ்ந்த எத்ருஸ்கர் என்னும் மக்கள். அவர்தம் நகரங்கள் பெரும்பாலும் அழிந்துபோயின, கல்லறைகளே எஞ்சின. அவர்களைப் பற்றி நாம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி அக்கல்லறைகள் தந்த அறிவே.

இவ்விரு மக்களுக்கும் இடையே உறவு இருந்தது என்று நாட்டுவது நம் நோக்கமன்று. அதற்குச் சான்றேதும் இல்லை. ஒரே காலப்பகுதியில், ஒருவரையொருவர் அறியாத இரு சமூகங்கள், தம் கைவினையின் சிறந்த பகுதியை இறந்தோருக்கென மண்ணுக்குள் வைத்தன. இரண்டையும் அருகருகே வைத்து நோக்கின், ஈமக்கலை நமக்குச் சொல்வது யாது, சொல்லாமல் விடுவது யாது, அதன் சொல்லை நாம் கேட்க இயலாமற் போவது எதனால் என்னும் மூன்று வினாக்களுக்கும் ஓரளவு தெளிவு கிடைக்கும்.

தாழியும் அதனுள் இருந்தவையும்

ஆதிச்சநல்லூரை ஆய்வுலகிற்கு அறிமுகம் செய்தவர் பெர்லின் நகரத்து அறிஞர் யாகோர். 1876 ஆம் ஆண்டில் இங்கு வந்து தோண்டிய அவர், மட்பாண்டங்கள், இரும்புக் கருவிகள், எலும்புகள், மண்டையோடுகள் ஆகியவற்றைப் பெர்லினுக்கு எடுத்துச் சென்றார். பின்னர்த் தொல்லியல் துறையின் தென்மண்டலக் கண்காணிப்பாளராக இருந்த அலெக்சாண்டர் ரீ, 1899 ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகள் இங்கு அகழாய்வு செய்தார். அவர் கண்டெடுத்தவை சென்னை அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன. அவற்றின் பட்டியல் 1915 ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது.

தாழிகள் செந்நிறச் சுடுமண்ணால் ஆனவை. அகன்ற வாயும் குவிந்த அடியும் கொண்ட இவற்றுட் சில ஒரு மீட்டர் வரை உயரமுடையவை. மண்ணில் குழி தோண்டியும், அடியில் பாறை தடுத்த இடங்களில் அப்பாறையையே குடைந்தும் இவற்றை இறக்கியுள்ளனர். சில தாழிகளில் முழு உடலும் கால் மடக்கி அமர்ந்த நிலையில் வைக்கப்பட்டிருந்தது. வேறு சிலவற்றில் எலும்புகள் மட்டுமே இருந்தன. அஃதாவது உடல் வேறோரிடத்தில் சிதைந்த பின்னர் எலும்பைத் திரட்டி வந்து தாழியில் இட்டுள்ளனர். ஓர் ஈமக்காட்டிலேயே இருவகை வழக்கமும் இருந்தமை நோக்கத்தக்கது. இறந்தோரை எரிப்போர், வெளியே இடுவோர், குழியில் புதைப்போர், தாழ்ந்த அறைகளில் அடைப்போர், தாழியால் மூடுவோர் என ஐவகையினரை மணிமேகலை ஒரே மூச்சில் அடுக்கிச் சொல்வதும் இதனோடு ஒப்பிட்டு நோக்கத்தக்கது. தமிழகத்தில் அடக்க முறை ஒரு காலத்தும் ஒன்றாக இருந்ததில்லை.

தாழியின் உள்ளும் புறமும் சிறு பாண்டங்கள் வைக்கப்பட்டிருந்தன. அவற்றுள் நெல், சிறுதானியம் ஆகியவற்றின் உமி இருந்ததை ரீ குறித்துள்ளார். இரும்பாலான வாள், ஈட்டி, வேல், கோடரி போன்றவையும், அவற்றில் ஒட்டிய நிலையில் துணியின் தடயமும் மரத்தின் தடயமும் கிடைத்தன. வெண்கலப் பொருள்களே இவ்விடத்துக் கலையின் முடிமணி. மூடிகளின் பிடியாகவும் கலன் தாங்கிகளின் ஓரமாகவும் எருமை, ஆடு, மான், யானை, புலி, சேவல், பறவை ஆகியன வடிக்கப்பட்டுள்ளன. நீண்டு வளைந்த கொம்புடைய எருமையை வடித்த கைவினைஞன், அவ்விலங்கை நாள்தோறும் வயலில் கண்டு பழகியவனாகத்தான் இருக்க முடியும். பொன்னாலான நெற்றிப்பட்டங்கள் மெல்லிய தகடுகள். புள்ளிகளால் கோடும் முக்கோணமுமாக அணி செய்யப்பட்டு, நெற்றியில் கட்டுவதற்கு இரு முனையிலும் துளையிடப்பட்டவை.

ஒரு நூற்றாண்டு இடைவெளிக்குப் பின்னர், 2004, 2005 ஆம் ஆண்டுகளில் இந்தியத் தொல்லியல் துறையின் சார்பில் த. சத்தியமூர்த்தி மீண்டும் அகழாய்வு நடத்தினார். 600 சதுர மீட்டர் பரப்புக்குள் நூற்றறுபதுக்கு அண்மைய எண்ணிக்கையில் தாழிகள் வெளிப்பட்டன. அவை ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அடுக்குகளில் இருந்தமையால், தலைமுறை தலைமுறையாக மக்கள் இதே நிலத்திற்குத் தம் இறந்தோரைக் கொண்டு வந்தனர் என்பது தெளிவாயிற்று. அப்போது கிடைத்த ஒரு பானையோட்டின் மீது மண்ணை ஒட்டிப் புடைப்பாகச் செய்த ஒரு காட்சி உள்ளது: ஒரு பெண், ஒரு மரம், வாயில் மீனைக் கவ்விய கொக்கு, மான் ஆகிய உருவங்கள். ஆற்றங்கரையில் எந்த நாளிலும் காணக்கூடிய காட்சியே அது.

காலத்தைப் பொறுத்தவரை, இங்குப் பெறப்பட்ட இரு மாதிரிகள் கி.மு. 905, கி.மு. 696 ஆகிய காலத்தைக் காட்டுவதாக 2019 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் தெரிவிக்கப்பட்டது. அண்மையிலுள்ள சிவகளையில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில், தாழி ஒன்றினுள் இருந்த நெல்லின் காலம் கி.மு. 1155 எனக் கணிக்கப்பட்டு, 2021 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. இறந்தவர் வழியில் உண்ணட்டும் என்று யாரோ இட்ட ஒரு பிடி நெல், மூவாயிரம் ஆண்டு கடந்து தன்னைப் புதைத்த மக்களின் காலத்திற்குச் சாட்சி சொல்லியது.

வீடாக அமைந்த கல்லறை

எத்ருஸ்கர் வாழ்ந்தது இத்தாலியில் ஆர்னோ ஆற்றுக்கும் டைபர் ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலம். அவர்தம் பண்பாட்டின் தொடக்க நிலையில், கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டை ஒட்டி, உடலை எரித்துச் சாம்பலைச் சுடுமண் கலத்தில் இட்டுக் குழியில் அடக்கம் செய்தனர். கலத்தின் வாயை ஒரு கிண்ணத்தாலோ, போர்வீரனாயின் ஒரு தலைக்கவசத்தாலோ மூடினர். சில கலங்கள் கூரையும் வாயிலும் உடைய சிறு குடிசையின் வடிவில் செய்யப்பட்டன. பின்னர்க் கியூசி நகர்ப்புறத்தில், மூடி மனிதத் தலையாகவும், கைப்பிடி மனிதக் கையாகவும் அமைந்த கலங்களை உருவாக்கினர். அவற்றுட் சிலவற்றை நாற்காலியின் மீது அமர்த்தி வைத்தனர். எரிந்து சாம்பலாகிவிட்ட உடலுக்குச் சுடுமண்ணால் மீண்டும் ஓர் உடல் கொடுக்கும் முயற்சி இது.

செல்வம் பெருகவே கல்லறையும் பெருகிற்று. செர்வெத்தெரி என்னும் ஊரின் ஈமநிலத்தில் வட்டக் குன்றுகள் போன்ற கல்லறைகள் தெருத்தெருவாக அமைந்துள்ளன. மென்மையான எரிமலைக் கல்லைக் குடைந்து, வாயில், முற்றம், அறை, உத்தரம், கட்டில், தலையணை என ஒரு வீட்டின் உறுப்புகள் அனைத்தையும் கல்லிலேயே செதுக்கினர். கி.மு. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு கல்லறையின் சுவர்களிலும் தூண்களிலும் வாள், கவசம், கத்தி, கயிறு, சமையற் கலம் ஆகியவை சுதையால் புடைப்பாகச் செய்து வண்ணமிடப்பட்டுள்ளன. ஆதிச்சநல்லூரில் பொருளாகவே வைத்தவற்றை அங்கு உருவமாகச் செய்து வைத்தனர்.

தார்குவீனியாவில் உள்ள ஏறத்தாழ 6000 கல்லறைகளுள் 200 அளவிலானவை ஓவியம் தீட்டப்பட்டவை. கி.மு. ஆறாம், ஐந்தாம் நூற்றாண்டுகளின் ஓவியங்களில் விருந்தும் இசையும் ஆடலும் இடம்பெறுகின்றன. வேட்டையும் மீன்பிடிப்பும் தீட்டப்பட்ட ஒரு கல்லறையில், படகிலிருந்து மீன் பிடிப்போரும் பறந்து செல்லும் பறவைக் கூட்டமும், பாறையுச்சியிலிருந்து கடலுக்குள் தலைகீழாய்ப் பாயும் ஓர் இளைஞனும் காணப்படுகின்றனர். முத்துக்குளிப்புக்குப் பெயர் பெற்ற நம் கடற்கரை மக்களுக்கு அவ்விளைஞன் அயலவனாகத் தோன்றமாட்டான். கொற்கைத் துறையின் முத்தும் பொருநைக் கரையின் கொக்கும் எங்ஙனம் ஒரு நிலத்தின் வாழ்வோ, அங்ஙனமே இவ்வோவியமும் ஒரு கடற்கரையின் வாழ்வு.

இரு ஈமக்காடுகளையும் ஒருங்கே நோக்கும்போது முதலில் புலப்படுவது இதுவே: இறந்தோருக்கென இம்மக்கள் படைத்த கலையின் பொருள் இறப்பு அன்று, தாம் வாழ்ந்த வாழ்வு. எருமையும் சேவலும், நெல்லும் துணியும், கட்டிலும் தலையணையும் வீட்டைச் சேர்ந்தவை. மறுமை இன்னதென்று காணாத மனிதன், தான் கண்ட இவ்வுலகத்தையே எடுத்து அங்கு வைத்தான்.

இந்நிலை எத்ருஸ்கரிடம் நெடுநாள் நீடிக்கவில்லை. கி.மு. 396 இல் வேயி நகரம் உரோமரிடம் வீழ்ந்தது. அதனைத் தொடர்ந்த நூற்றாண்டுகளில் ஏனைய நகரங்களும் ஒவ்வொன்றாகத் தம் உரிமை இழந்தன. கல்லறைச் சுவர்களிலும் மாற்றம் நேர்ந்தது. சம்மட்டி ஏந்திய சாருன், சிறகும் தீப்பந்தமும் கொண்ட வந்த் முதலிய மறுவுலக உருவங்கள் மிகுதியாக இடம்பெறலாயின. அரசியல் வீழ்ச்சியே இவ்வச்சத்தின் காரணம் என்பர் சிலர். கிரேக்கக் கதைகளின் தாக்கம் என்பர் வேறு சிலர். எவ்வாறாயினும், ஒரு சமூகத்தின் மறுமைக் காட்சி அதன் இம்மை நிலையோடு சேர்ந்தே மாறக்கூடும் என்பதற்கு இச்சுவர்கள் சான்று. ஆதிச்சநல்லூரில் இத்தகைய மறுவுலக உருவம் எதனையும் ஐயமின்றிச் சுட்ட முடியாது. அம்மக்கள் அஞ்சினரா, நம்பினரா, எதனை எதிர்நோக்கினர் என்பதைத் தாழி வெளிப்படுத்துவதில்லை. ஆகவே வேலைக் கண்டவுடன் இன்ன தெய்வ வழிபாடு என்றும், பெண்ணுருவைக் கண்டவுடன் தாய்த்தெய்வம் என்றும் உறுதி கூறுவோர், பொருள் சொல்லாததைத் தாம் சொல்கின்றனர்.

இருவருக்கு ஒரு தாழி

பொருள் சொல்லாத இடத்தில் சொல் உதவுவதுண்டு. புறநானூற்றின் 228 ஆம் பாடல், சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் இறந்தபோது ஐயூர் முடவனார் பாடியது. அதில் புலவர் தாழி வனையும் குயவனை விளித்து, இத்துணைப் பெரும் புகழுடையானைக் கவிக்கும் தாழியை நீ எங்ஙனம் வனைவாய் என்று இரங்குகின்றார். 256 ஆம் பாடலிலும் குயவனே விளிக்கப்படுகின்றான். ஆங்குப் பேசுபவள் துணைவனை இழந்த ஒருத்தி. பல வழிகளையும் அவனோடு கடந்து வந்தவள், தனக்கும் சேர்த்து இடமிருக்குமாறு தாழியை அகலமாக வனையும்படி வேண்டுகின்றாள்.

அவள் வேண்டிய அத்தகைய கலத்தை நினைவூட்டும் ஒன்று உரோம் நகரின் வில்லா ஜூலியா அருங்காட்சியகத்தில் உள்ளது. செர்வெத்தெரியில் 1881 ஆம் ஆண்டு நானூறு அளவிலான துண்டுகளாகக் கண்டெடுக்கப்பட்டு ஒட்டிச் சேர்க்கப்பட்ட அது, கி.மு. ஆறாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. விருந்து மஞ்சத்தில் கணவனும் மனைவியும் ஒருங்கே சாய்ந்திருக்க, அவன் கை அவள் தோளைத் தழுவியிருக்கின்றது. இருவர் முகத்திலும் புன்னகை. இதன் ஒப்பற்ற இணை பாரிஸ் நகரின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது. இவை பளிங்காலோ பொன்னாலோ ஆனவை அல்ல. சுட்ட மண்ணால் ஆனவை. இறந்தோரின் சாம்பலை ஏந்தும் கலமாகவே இதனை அறிஞர் கருதுவர். பொருநைக் கரைக் குயவனின் திகிரியில் இருந்த அதே மண்தான் எத்ருஸ்கக் குயவனின் கையிலும் இருந்தது. தமிழ்ப் பெண்ணின் வேண்டுகோள் பாட்டாக நின்றது; இத்தாலியப் பெண்ணின் வேண்டுகோள் உருவாக நின்றது. இறப்பு பற்றிய கொள்கையில் இவ்விருவரும் எத்துணை வேறுபட்டிருப்பினும், பிரிவு பற்றிய உணர்வில் வேறுபடவில்லை.

அரபு நிலத்துச் சான்றுகள்

இறந்தோருக்குப் பொருள் கொடுத்தனுப்பும் வழக்கம் அரபு நிலத்திலும் இருந்ததை நாம் அறிவோம். அறியாமைக் காலத்து அரபியர், இறந்தவனின் ஒட்டகத்தை அவனுடைய கப்ரின் அருகே கட்டி, தீனியும் நீரும் இன்றி அது மடியும்வரை விட்டுவிடுவர். எழுப்பப்படும் நாளில் அவன் நடந்து செல்லாது அதன்மீது ஏறிச் செல்வான் என்பது அவர்தம் எண்ணம். அவ்வொட்டகத்திற்குப் பலிய்யா என்று பெயர். லிஸானுல் அரப் முதலிய அகராதிகள் இச்சொல்லை விளக்குகின்றன. ஏட்டில் மட்டும் இருந்த இச்செய்திக்கு, ஷார்ஜாவின் மலீஹாவில் கண்டெடுக்கப்பட்ட ஒட்டக அடக்கங்கள் மண்ணிலிருந்தும் துணை தந்தன. அங்குப் பொன்னணி பூட்டிய குதிரையொன்றும் அடக்கம் செய்யப்பட்டிருந்தது.

அல்-ஹிஜ்ர் பகுதியில் இன்று காணப்படும் பாறைக் கல்லறைகள் மற்றொரு வகை. அங்குள்ள 111 பெருங்கல்லறைகளுள் 94 அணிமுகப்பு உடையவை. கி.மு. முதல் நூற்றாண்டின் இறுதி தொடங்கிக் கி.பி. 75 வரையிலான நபத்தியக் கல்வெட்டுகள் பலவற்றின் வாயிலில் உள்ளன. கல்லறை இன்னாருக்கும் அவர் வழியினருக்கும் உரியது, இதனை விற்கலாகாது, அடமானம் வைக்கலாகாது, மீறியவன் இன்ன தண்டம் செலுத்த வேண்டும் என அவை சட்ட ஆவணம் போல் பேசுகின்றன. எத்ருஸ்கரும் தம் கல்லறைகளில் இறந்தவரின் பெயரையும் தந்தை பெயரையும், பல இடங்களில் தாயின் பெயரையும் எழுதினர். அவர்தம் எழுத்தை இன்று படிக்க முடியும். மொழியின் பொருளோ ஓரளவே விளங்குகின்றது. நீண்ட வாசகங்கள் விளங்காவிடினும் மனிதரின் பெயர்கள் விளங்கிவிடுகின்றன.

இஸ்லாம் இவ்வழக்கங்களை எல்லாம் சுருக்கி எளிமையாக்கியது. கபன் துணியன்றி வேறொன்றும் உடன் செல்வதில்லை. பொருள் வாழ்வோருக்கும் உரிமையாளருக்கும் உரியது. இறந்தவரோடு செல்வது அவருடைய செயல் மட்டுமே. பொருநை கடலோடு கலக்கும் பகுதியில் அமைந்த காயல்பட்டினத்தின் பழைய மையவாடிகளில், அரபு எழுத்துப் பொறித்த மீஸான் கற்களைக் காணலாம். ஒரே ஆற்றின் கரையில், மேலே பொருள் நிறைந்து பெயரற்ற தாழிகள். கீழே பொருளின்றிப் பெயர் தாங்கிய கற்கள்.

பெயரைக் காக்கும் வழி எழுத்து மட்டுமன்று என்பதற்குக் கயத்தாறே சான்று. 1799 ஆம் ஆண்டு அக்டோபர் 16 ஆம் நாள் வீரபாண்டிய கட்டபொம்மன் இங்குத் தூக்கிலிடப்பட்டார். அவ்விடத்தைக் கடந்து சென்றோர் ஆளுக்கொரு கல்லாக இட்டு வந்ததால் ஒரு கற்குவியல் எழுந்தது என்பது இவ்வட்டாரத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. கல்வெட்டு இல்லை, ஆயினும் கல்லை இடுபவன் யாருக்காக இடுகின்றோம் என்பதை அறிந்தே இட்டான். ஆதிச்சநல்லூரிலும் அங்ஙனமே, இன்ன தாழி இன்னாருடையது என்று ஊரார் அறிந்திருக்கக்கூடும். அறிந்த ஊரார் மறைந்தபோது பெயரும் மறைந்தது. தாழிகளிலும் பானைகளிலும் கீறல் குறியீடுகள் உண்டெனினும், இறந்தவர் இன்னார் என்று அனைவரும் ஒப்பப் படித்துக் காட்டிய பெயர் எதுவுமில்லை.

இஸ்நாத் இழந்த பொருள்

பெயரில்லாத இம்மக்கள் நமக்கு எங்ஙனம் சாட்சி சொல்வர்? பொருளைக் காட்டிலும், பொருள் இருந்த இருப்பே அவர்தம் வாய்மொழி. ரீயின் குறிப்பு ஒன்று இதற்குச் சான்று. இரும்புக் கருவிகளின் முனை கீழ்நோக்கியே இருந்ததென்றும், சுற்றி நின்ற துக்கத்தார் அவற்றைக் குத்தி நிறுத்தியது போல் தோன்றியதென்றும் அவர் எழுதியுள்ளார். இந்த ஒரு குறிப்பால், குழியைச் சுற்றி மனிதர் நிற்பதையும், கையில் இருந்த வேலை ஒவ்வொருவராக மண்ணில் ஊன்றுவதையும் நாம் மனத்தால் காண முடிகின்றது. அதே வேலைக் கண்ணாடிப் பேழையில் கிடத்தி வைத்தால் அது வெறும் வேல். யாகோர் எடுத்துச் சென்றவற்றுள் எது எந்தத் தாழியில், எவருடைய எலும்பின் அருகே, எந்த நிலையில் இருந்தது என்பது பதிவாகாத அளவுக்கு, அப்பொருள்கள் பேச்சிழந்தவை.

ஹதீஸ் கலை பயின்றோருக்கு இது புதிய செய்தியன்று. மத்ன் எனப்படும் வாசகம் எத்துணை அழகாயினும், அதனை அறிவித்தோரின் தொடராகிய இஸ்நாத் இல்லையேல் அறிஞர் அதனை ஏற்பதில்லை. யாரிடமிருந்து யார் கேட்டார் என்னும் தொடரே வாசகத்திற்கு உறுதி தருகின்றது. அகழாய்வில் கிடைக்கும் பொருள் மத்ன் போன்றது. அது கிடைத்த குழி, அடுக்கு, திசை, அருகிருந்த பிற பொருள்கள் ஆகியன அதன் இஸ்நாத். தொடரை அறுத்துப் பொருளை மட்டும் எடுப்பது, அறிவிப்பாளரை நீக்கிவிட்டு வாசகத்தை மட்டும் வைத்துக்கொள்வதற்கு ஒப்பாகும். அதன் மீது எவரும் எதையும் ஏற்றிச் சொல்லலாம். மறுப்பதற்கும் வழியில்லை, மெய்ப்பிப்பதற்கும் வழியில்லை.

எத்ருஸ்கக் கல்லறைகள் இதற்குப் பெருவிலை கொடுத்தன. 1971 ஆம் ஆண்டில் செர்வெத்தெரி அருகே ஒரு கல்லறையைக் கொள்ளையர் உடைத்து, கிரேக்க ஓவியன் யூஃப்ரோனியோஸ் தீட்டிய பெருங்கலம் ஒன்றைக் கவர்ந்தனர். போரில் மாண்ட சார்பெதோன் என்னும் வீரனின் உடலை உறக்கமும் இறப்பும் இரு சிறகுடைய ஆடவராக வந்து தூக்கிச் செல்லும் காட்சி அதில் உள்ளது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 1972 இல் பத்து லட்சம் டாலருக்கு அதனை வாங்கியது. நெடிய வழக்காடலுக்குப் பின் 2008 ஆம் ஆண்டில் அது இத்தாலிக்குத் திரும்பியது. கலம் திரும்பியது, அஃது இருந்த கல்லறையின் நிலை திரும்பவில்லை. இறந்தவரைத் தூக்கிச் செல்லும் இக்காட்சியை ஓர் எத்ருஸ்கக் குடும்பம் யாருடைய உடலின் அருகே வைத்தது என்ற வினாவிற்கு விடை சொல்லக்கூடிய ஒரே சாட்சியைக் கொள்ளையரின் மண்வெட்டி அழித்துவிட்டது.

செர்வெத்தெரியும் தார்குவீனியாவும் 2004 ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபிடப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அதே ஆண்டில் நம் பறம்பில் தொடங்கிய அகழாய்வின் முழு அறிக்கைக்கோ தமிழ் மக்கள் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருக்க நேர்ந்தது. நீதிமன்றத்தை நாடவும் வேண்டியிருந்தது. தோண்டுவது பாதிப் பணி. கண்டதைக் கண்டவாறு எழுதி வெளியிடுவதே மறுபாதி. முதற்பாதி மட்டும் நிகழ்ந்து மறுபாதி தாழ்ந்தால், தோண்டப்பட்ட குழி தோண்டாத குழியினும் இழப்புடையதாகிவிடும். தோண்டாத மண்ணிலாவது தொடர் அறுபடாது இருக்கும்.

நிலைமை பின்னர் மாறத் தொடங்கியது. 2020 ஆம் ஆண்டின் மத்திய நிதிநிலை அறிக்கையில், களத்திலேயே அருங்காட்சியகம் அமையவிருக்கும் ஐந்து இடங்களுள் ஒன்றாக ஆதிச்சநல்லூர் அறிவிக்கப்பட்டது. 2021 அக்டோபரில் மீண்டும் அகழாய்வு தொடங்கி, மறு ஆண்டில் ஒரு பொன் நெற்றிப்பட்டமும் கிடைத்தது. 2023 ஆகஸ்ட் 5 ஆம் நாள், அகழாய்வுக் குழியின் மேல் கண்ணாடித் தளம் அமைத்து, தாழிகள் இருந்த இடத்திலேயே இருக்கக் காணும் வகையில் அமைந்த காட்சியகம் திறந்து வைக்கப்பட்டது. பொருளை இடம் பெயர்க்காது பார்ப்பவரை இடத்திற்கு அழைத்து வருவது, மேலே நாம் கூறிய தொடரை அறுக்காது காக்கும் நல்ல முறை.

ஆயினும் அக்கண்ணாடியின் கீழ் இருப்பவை வெறும் பானைகள் அல்ல. இறந்தோரின் உடலுக்கும் கண்ணியம் உண்டு என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்த நெறி. ஒரு யூதரின் ஜனாஸா கடந்து சென்றபோது அவர்கள் எழுந்து நின்றார்கள் என்ற செய்தி, அக்கண்ணியம் நம் சமயத்தாரோடு நின்றுவிடுவதன்று என்பதைத் தெளிவாக்குகின்றது. மூவாயிரம் ஆண்டு கழிந்த எலும்புக்கு இந்நெறி பொருந்தாது என்று எவரேனும் கூறினால், எத்தனையாவது ஆண்டில் அது பொருந்தாது போயிற்று என்று நாம் கேட்கலாம்.

முன்னோர் வாழ்ந்து மறைந்த நிலங்களில் சென்று நோக்குமாறு திருமறை பலவிடங்களில் அழைக்கின்றது. ஆகவே அகழ்வதும் ஆய்வதும் தகாதன அல்ல. அவை அறிவுக்குரிய கடமைகளே. அக்கடமைக்கு இரு எல்லைகள் உண்டு. எடுக்கும் பொருளின் இருப்பைக் குறைவின்றிப் பதிவு செய்தல் ஒன்று. எடுக்கும் எலும்பு ஒருவருடையது என்பதை மறவாதிருத்தல் மற்றொன்று. பெயர் எழுதாது சென்ற அம்மக்கள், அகலமான தாழியை வேண்டிய ஒருத்தியின் இனத்தார். அவர்கள் மண்ணிடம் ஒப்படைத்தது ஓர் அமானிதம்; இன்று அது மண்ணிடமிருந்து நம் கைக்கு வந்துள்ளது.